கியரை அடிக்காதீங்க, தள்ளுங்க

நாங்குநேரி டோல்கேட்டில் கட்டை தூக்கியதும் கிளம்பும் கார்களின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கவனித்தால் போதும், யாருக்குக் கியர் போடத் தெரியும், யார் கியர் பாக்ஸை வதைக்கிறார் என்பது தெரிந்துவிடும். ஃபர்ஸ்ட்டில் இன்ஜின் 6000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 6000 சுற்று) வரை அலறும். உடனே ஒரு ‘கர்ர்க்’. அப்புறம் வண்டி ஒரு குதி குதித்து மூக்கைத் தூக்கும். உள்ளே இருப்பவருக்கு அது வேகமாகத்தான் தோன்றும். பக்கத்து லேனில் கிளம்பிய இன்னொரு வண்டி சத்தம் காட்டாமல் செகண்ட், தேர்டு என்று மாறி அதற்குள் முன்னால் போயிருக்கும். கை வேகத்தில் இரண்டு பேருக்கும் அதிக வித்தியாசம் இருக்காது. ஒருவர் கியர் ராடை அடிக்கிறார், மற்றவர் தள்ளுகிறார். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்த ‘அவ்வளவுதான்’ கைவர, பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கியர் மாற்றும்போது பல்லும் பல்லும் புதிதாகச் சேர்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். முன்னால் போகும் கியர்களின் பற்கள் எப்போதும் கோத்துக்கொண்டேதான் சுற்றுகின்றன. நாம் ராடை நகர்த்தும்போது ஸ்லீவ் என்ற ஒரு வளையம் நகர்ந்து, வேண்டிய கியரை ஷாஃப்டோடு பூட்டுகிறது. பூட்ட வேண்டுமென்றால் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். அந்த வேகத்தைச் சமன்படுத்துவதற்காக நடுவில் ஒரு பித்தளை ரிங் இருக்கிறது. நம்ம பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் சிங்க்ரோ ரிங் என்பார்கள், சிலர் கோன் என்றே சொல்வார்கள். ராடைத் தள்ளியதும் இந்த ரிங் கியரின் கூம்பு முகத்தில் போய் உரசிப் பிடிக்கும். வேகம் ஒன்றாகும்வரை ரிங்கின் சரிவுப் பற்கள் ஸ்லீவை உள்ளே விடாமல் மறித்து நிற்கும். ஒன்றான கணத்தில் வழிவிடும். ராடு ‘டக்’கென்று விழுவதாகக் கையில் தெரிவது அந்தக் கணம்தான்.

மறித்து நிற்கிற அந்தச் சின்ன இடைவெளியில் கையால் ஓங்கி அடித்தால், வேகம் சமனாகும் முன்பே ஸ்லீவ் ரிங்கைத் தாண்டிக்கொண்டு போய்க் கியரின் பூட்டுப் பற்களில் மோதும். அதுதான் ‘கர்ர்க்’. ஒவ்வொரு மோதலிலும் பல் முனை கொஞ்சம் மழுங்கும், ரிங் கொஞ்சம் தேயும். தேய்ந்த ரிங் இன்னும் மெதுவாகச் சமன்படுத்தும். அதனால் ஓட்டுபவர் இன்னும் ஓங்கி அடிப்பார். கடைசியில் பெட்டியை இறக்கியாக வேண்டும்.

ஒரு கழற்றிய பெட்டியின் ரிங்கைக் கையில் வாங்கிப் பார்த்தால் இது புரியும். உட்புறம் ரெக்கார்டுத் தட்டு மாதிரி மெல்லிய வரிகள் ஓடும். நகத்தால் குறுக்கே கீறினால் நல்ல ரிங்கில் ஒவ்வொரு வரியும் நகத்தில் தட்டும். செத்த ரிங்கில் நகம் வழுக்கிக்கொண்டு போகும், உட்புறம் கண்ணாடி மாதிரி பளபளக்கும். அந்த வரிகள்தான் உரசும் நொடியில் எண்ணெயை வெளியே தள்ளிப் பிடிமானம் கொடுப்பவை. ரிங்கைக் கியர் கூம்பின் மேல் அழுத்தி வைத்து, இரண்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு விட்டும் இடைவெளியை அளப்பார்கள். பல சிறிய கார்களில் புதுசில் 1 மி.மீ.க்குப் பக்கத்தில் இருக்கும், அரை மி.மீ.க்குக் கீழே போனால் மாற்ற வேண்டியதுதான். சரியான எண் அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

இனி கணக்கு. ஒரு பெட்டியின் விகிதங்கள் (வெளியே போகும் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் எத்தனை சுற்று என்பது) முதல் கியரில் இருந்து வரிசையாக 3.6, 2.0, 1.4, 1.05, 0.85 என்று வைத்துக்கொள்வோம். 6000 ஆர்பிஎம்மில் ஃபர்ஸ்ட்டை விட்டுச் செகண்டுக்குப் போனால் இன்ஜின் சுமார் 3330-க்கு இறங்க வேண்டும். செகண்டிலிருந்து தேர்டுக்கு 4200. தேர்டிலிருந்து ஃபோர்த்துக்கு 4500. பாருங்கள், முதல் மாற்றத்தில் மட்டும் 2670 இறக்கம். மற்றதில் 1800, 1500 என்று குறைந்துகொண்டே போகிறது. கிளட்ச் மிதித்திருக்கும்போது சிங்க்ரோ இன்ஜினை இறக்குவதில்லை. கிளட்ச் பிளேட், இன்புட் ஷாஃப்ட், அதோடு கோத்துச் சுற்றும் கியர்கள் இவற்றைத்தான் இழுத்துப் பிடிக்கிறது. அந்தச் சுமையை 2670 ஆர்பிஎம் குறைப்பது செகண்ட் ரிங்கின் தலையில் விழுகிறது. பல நவீனப் பெட்டிகளில் ஃபர்ஸ்ட்டுக்கும் செகண்டுக்கும் மட்டும் இரட்டைக் கூம்பு, மூன்று கூம்பு சிங்க்ரோ வைப்பது இதனால்தான். பல பெட்டிகளில் முதலில் சாவது செகண்ட் ரிங்காக இருப்பதற்கும் இதே காரணம்.

ஆகவே முதல் பாடம்: ஒன்றிலிருந்து இரண்டுக்கு அவசரப்படாதீர்கள். இப்போதைய டர்போ பெட்ரோல் வண்டிகளில் அதனால் பெரிதாக எதையும் இழக்கப் போவதுமில்லை. வெர்டஸ் 1.5 டிஎஸ்ஐ 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை 1600-லிருந்து 3500 ஆர்பிஎம் வரை கொடுக்கிறது. வெர்னா 1.5 டர்போவில் 253, அது 1500-லேயே தொடங்கி 3500 வரை. 3330-க்கு இறங்கினாலும் இந்த இழுவை எல்லைக்குள்ளேயே வந்து விழுகிறீர்கள். பழைய ஹோண்டா சிட்டி விடெக் மாதிரி மேலே சுற்றினால்தான் உயிர் வருகிற இன்ஜின் என்றால் கதை வேறு. அங்கே ஆர்பிஎம் ஊசி மேலேயே நிற்க வேண்டும், ரெட்லைனுக்குப் பக்கத்தில்தான் மாற்ற வேண்டும். டர்போ வண்டியில் கட் விழும்வரை, அதாவது ரெவ் லிமிட்டர் பெட்ரோலை நிறுத்தும்வரை, இழுத்துப் பிடிப்பது வெறும் சத்தம். கட் விழுந்த அந்த அரை நொடி, மற்ற மாற்றங்களில் மிச்சம் பிடித்த நேரத்தை எல்லாம் விழுங்கிவிடும்.

வேகம் காட்டலாம் என்றால் அது இரண்டிலிருந்து மூன்றுக்கு. இறக்கம் குறைவு, ராடும் நேராக முன்னால் போய் நடுத் தடத்துக்கு வரும்.

கால் வேலையைப் பார்ப்போம். மாற்றுவதற்குச் சற்று முன்பு கை ராடின் தலைக் குமிழான நாபில் இருக்க வேண்டும், ஆனால் அழுத்தக் கூடாது. நாள் முழுக்க நாபில் கையை ஊன்றி ஓட்டுபவர்களின் பெட்டியில், ஸ்லீவை நகர்த்தும் ஃபோர்க் அதன் காடியில் ஓயாமல் உரசித் தேயும். நேரம் வந்ததும் வலது கால் ஆக்ஸிலரேட்டரை விட, இடது கால் கிளட்சை மிதிக்க, இரண்டும் ஒரே மூச்சில் நடக்கும். வலது கால் ஒரு மயிரிழை முந்தலாம். பிந்தினால் பாரமில்லாத இன்ஜின் மேலே பாய்ந்துவிடும். ராடு நியூட்ரலைக் கடந்து அடுத்த கியரின் வாசலில் முட்டியதும் ஒரே அளவு அழுத்தத்தோடு அங்கேயே தள்ளிப் பிடித்திருங்கள். ரிங் தன் வேலையை முடித்ததும் ராடு தானாக உள்ளே உறிஞ்சப்படும். அது விழுந்த அதே கணத்தில் கிளட்ச் மேலே வரவும் ஆக்ஸிலரேட்டர் கீழே போகவும் தொடங்க வேண்டும். பழகாதவர்கள் நேரத்தை இழப்பது ராடு நகர்வதில் அல்ல. கியர் விழுந்துவிட்டது என்று கை சொன்ன பிறகும் கால் யோசித்துக்கொண்டு நிற்பதில்தான். சாதாரணமாக ஓட்டுபவர் ஒரு மாற்றத்துக்கு ஒரு நொடி எடுப்பார். பழகியவர் அரை நொடிக்குள் முடிப்பார். அந்த மிச்சத்தில் பாதிக்கு மேல் காலில் வந்தது.

கிளட்சைத் தரை வரை மிதிக்க வேண்டுமா? பாதை முழுவதும் வேண்டாம், பிளேட் முழுசாக விடுபடும் இடத்தைத் தாண்டி இரண்டு விரல் போனால் போதும் என்பது டிராக் ஆட்களின் வழக்கம். அந்த இடம் எங்கே என்று காலுக்கு மனப்பாடம் ஆகும்வரை முழுசாகவே மிதியுங்கள். அரைகுறையாக விடுபட்ட கிளட்சில் சிங்க்ரோ இன்ஜினையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கும். அதற்கு அந்தப் பித்தளை வளையத்தால் ஆகாது.

இன்னொரு வில்லங்கம், இப்போதைய எலக்ட்ரானிக் ஆக்ஸிலரேட்டர் வண்டிகளில் உண்டு. காலை எடுத்த பிறகும் புகை விதிகளுக்காக ஈசியு (இன்ஜினின் கம்ப்யூட்டர்) காற்று போகும் த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்தே வைத்திருக்கும்; ஊசி மேலேயே தொங்கும். உங்கள் கை கால் எல்லாம் முடித்துவிட்டது, கிளட்ச் மேலே வருகிறது, இன்ஜின் மட்டும் 5500-லேயே நிற்கிறது, வேண்டியது 3330. அந்த வித்தியாசம் முழுவதும் கிளட்ச் பிளேட்டில் வெப்பமாகவும் வண்டியில் ஒரு குத்தாகவும் இறங்கும். டோல்கேட்டில் பார்த்த குதி இதுதான். இந்த வகை வண்டியில் ஃபர்ஸ்ட்டைக் கொஞ்சம் முன்னதாகவே, 4500 வாக்கில் விட்டுவிடுவதும், ஆக்ஸிலரேட்டரைக் கிளட்சுக்கு முன் கால் நொடி தளர்த்துவதும் பலன் தரும். ஆக்ஸிலரேட்டரை எடுக்காமலே மாற்றுவது சில வண்டிகளில் ஈசியு ட்யூனோடு செய்யப்படுகிறது. ட்யூன் இல்லாத வண்டியில் அதைச் செய்வது கிளட்ச் செட்டுக்கு நாள் குறிப்பது.

கைக்கு வருவோம். இங்கே ஒரு விஷயத்தை அதிகம் பேர் கவனிப்பதில்லை. வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுவது பெரும்பாலும் இடப்பக்க ஸ்டியரிங் வண்டி. அவர்கள் வலது கையால் மாற்றுகிறார்கள். நமக்கு ஸ்டியரிங் வலப்பக்கம், ராடு இடது கைக்கு. நம் இடது தோள் ராடுக்கு வலப்புறம் பின்னால் இருக்கிறது. ராடை இறுக்கிப் பிடித்து வேகமாகத் தள்ளினால் கை இயல்பாக முன்னால் இடப்புறம் சாயும். இழுத்தால் பின்னால் வலப்புறம் சாயும். இதை ஆறு கியர் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலிருந்து நான்குக்கு இழுக்கும்போது கை வலப்புறம் ஓடினால் ஆறில் விழும். வண்டி சோர்ந்துபோகும், சேதம் இல்லை. நான்கிலிருந்து ஐந்துக்குத் தள்ளும்போது கை போதிய அளவு வலப்புறம் வராவிட்டால் விழுவது மூன்று. 6000-ல் இருந்த இன்ஜின் நம் கணக்குப்படி 8000-க்கு இழுக்கப்படும். இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளும்போது இடப்புறம் ஓடி ஒன்றில் விழுந்தால் 10,800. ரெவ் லிமிட்டர் காப்பாற்றாது. அது பெட்ரோலைத்தான் நிறுத்தும். இங்கே இன்ஜினைச் சுற்றுவது பெட்ரோல் அல்ல, சாலையில் ஓடும் சக்கரம். வால்வு ஸ்பிரிங் வால்வைச் சரியான நேரத்தில் மூட முடியாமல் போய், பிஸ்டன் அதைத் தட்டி வளைக்கும். இடப்பக்க ஸ்டியரிங்காரர்களுக்கு ஆபத்து இழுக்கும் மாற்றத்தில். நமக்குத் தள்ளும் மாற்றத்தில்.

இதற்குப் பரிகாரம் பிடியில் இருக்கிறது. ஒன்று, இரண்டுக்கு உள்ளங்கை உங்களுக்கு எதிர்ப்புறம், இடது கதவைப் பார்க்கட்டும், கட்டைவிரல் கீழே. கை தானாக ராடை இடத் தடத்தில் அணைத்து வைக்கும். இரண்டிலிருந்து மூன்றுக்குப் பிடியை முற்றிலும் விட்டுவிட்டு, திறந்த உள்ளங்கையின் அடிப்பகுதியால் நேரே முன்னால் தள்ளுங்கள். நியூட்ரலில் ராடை நடுத் தடத்துக்குக் கொண்டுவர உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. உங்கள் விரல்கள் குறுக்கே நிற்காவிட்டால் அது தன் வேலையைத் தவறாமல் செய்யும். மூன்றிலிருந்து நான்குக்கு இரண்டு மூன்று விரல்களைக் கொக்கி மாதிரி போட்டு நேரே இழுத்தால் போதும். ஐந்துக்குப் போகும்போது உள்ளங்கை உங்களைப் பார்த்திருக்க, கட்டைவிரல் மேலே, வலப்புறம் அணைத்துத் தள்ளுங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டையில் வெயிலில் நிறுத்திய வண்டியின் உலோக நாப் இந்தப் பிடிகளில் ஒன்றையும் அனுமதிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பார்க்க அழகு. தொட்டால் தோசைக்கல். வியர்த்த கையில் வழுக்கவும் செய்யும். தோல் சுற்றிய நாபே நம்ம ஊருக்குச் சரி. ஷார்ட் ஷிஃப்டர் போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: ராடு நகரும் தூரம் குறையும், அதே அளவுக்கு ரிங்கின் மேல் விழும் அழுத்தம் கூடும். அடித்து மாற்றும் பழக்கத்தை வைத்துக்கொண்டு அதைப் போட்டால் ரிங் சீக்கிரம் போகும்.

கியரைக் குறைக்கும்போது இன்ஜினின் ஆர்பிஎம்மை மேலே ஏற்றிக் கொடுக்க வேண்டும். நான்கில் 3000-ல் வருகிறீர்கள், மூன்றுக்கு வேண்டியது 4000. செங்கோட்டை தாண்டிப் புளியரை ஏற்றத்தில், வளைவுக்கு முன்னால் லாரி தெரிந்ததும் பிரேக்கை மிதித்து, கிளட்சையும் மிதித்து, ராடை மூன்றுக்குக் கொண்டுபோகும் நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு தட்டி, ஊசி 4000-ஐத் தொடும்போது கிளட்சை விட்டால் வண்டிக்குத் தெரியாது. தட்டாமல் விட்டால் முன் சக்கரம் ஒரு கணம் பிரேக் பிடித்த மாதிரி இழுபடும். மழையில், வளைவில் அது வழுக்கல். பிரேக்கில் இருக்கும் அதே வலது காலின் ஓரத்தால் ஆக்ஸிலரேட்டரைத் தட்டுவதுதான் ஹீல் அண்ட் டோ. பெயரில் குதிகால் இருந்தாலும் பெரும்பாலும் பாதத்தின் வலது விளிம்பே போதும். நம்ம வண்டிகளில் பிரேக் பெடல் ஆக்ஸிலரேட்டரைவிட உயரமாக நிற்கும். அழுத்திப் பிரேக் போடும்போது மட்டுமே இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும், அப்போதுதான் இது கூடும். மெதுவாகப் பிரேக் போட்டுக்கொண்டு முயன்றால் கால் பின்னிக்கொள்ளும்.

செருப்பைக் கழற்றுங்கள். ரப்பர் செருப்பின் முனை கிளட்ச் பெடலின் அடியில் மாட்டினால் வேகமாவது மாற்றமாவது. மெல்லிய தட்டை அடியுள்ள கேன்வாஸ் ஷூ நல்லது. வேட்டியில் ஓட்டுபவர்கள் நன்றாக மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டலாம், ஆனால் இந்த வித்தையை வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தரையில் ஃப்ளோர் மேட் (கால்மிதி) மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருப்பதும் ஒரு நோய்தான். கிளட்சின் கடைசி இரண்டு சென்டிமீட்டரை அது தின்றுவிடும். கியர் கடிக்கிறது என்று ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வண்டியில் முதலில் மேட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். சீட்டை, கிளட்சைத் தரை வரை மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கி இருக்கும்படியும், மூன்றிலும் ஐந்திலும் ராடு இருக்கும்போது முதுகு சாய்மானத்தை விட்டு எழாமல் கை எட்டும்படியும் வையுங்கள்.

பழக, முதலில் வீட்டு முற்றத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு பிடிகளை மட்டும் பழகலாம். பிறகு சாலையில், சாதாரண வேகத்தில். பல கார்களில் 6000 வரை இழுத்தால் செகண்ட் கியரே மணிக்கு 80 கி.மீ.யைத் தாண்டிவிடும் என்பதால் ஒன்று-இரண்டு, இரண்டு-மூன்று இவற்றை 3500 ஆர்பிஎம்மில் பழகினால் கால் ஒத்திசைவு முழுவதும் வந்துவிடும். ஆடி மாசக் காற்றில் பணகுடி, காவல்கிணறு பக்கம் இதைச் செய்யாதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும். பொதுச்சாலையில் பந்தயமும் வேகச் சோதனையும் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவில் குற்றம். 6000-ல் மாற்றிப் பார்க்கக் கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சென்னைக்குப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கிறது. டிராக் நாள் அறிவிப்பு வரும்போது ஒரு நாள் பெட்ரோல் செலவு செய்து போய்வருவது, ஒரு முறை பெட்டி இறக்குவதைவிட மலிவு.

கடிக்கிற சத்தம் எங்கிருந்து என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பல வண்டிகளில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ கிடையாது. ஐட்லிங்கில் கிளட்சை மிதித்து, ஐந்து நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கடித்தால் கிளட்ச் முழுசாக விடுபடவில்லை: கிளட்ச் எண்ணெய் லைனில் காற்று, கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரில் கசிவு, வளைந்த பிளேட், அல்லது அந்த மேட். ரிவர்ஸ் சுத்தமாக விழுந்து, வேகமாக மாற்றும்போது செகண்ட் மட்டும் கடித்தால் ரிங். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் தானாக நியூட்ரலுக்குத் தெறித்தால் ஃபோர்க்கும் ஸ்லீவும் பார்க்க வேண்டும். அதற்கு முன் இன்ஜினைத் தாங்கும் மவுண்டைப் பாருங்கள். செத்த மவுண்டில் இன்ஜின் ஆடும்போது ராடும் சேர்ந்து இழுபடும், நல்ல பெட்டிமேல் பழி விழும். கிளட்ச் ஹைட்ராலிக் எண்ணெய் பிரேக் எண்ணெய்தான். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. நீரை உறிஞ்சிய எண்ணெய், வெயிலில் நெரிசலில் நின்று நின்று போகும்போது பெடலைப் பஞ்சாக்கும்.

கியர் ஆயிலில் கஞ்சத்தனம் வேண்டாம், தாராளமும் வேண்டாம். பல கார்களுக்கு இரண்டு லிட்டருக்கு முன்னே பின்னேதான் பிடிக்கும். சர்வீஸ் மேனுவல் ஜிஎல்-4 (கியர் ஆயிலின் தரக் குறியீடு) என்று கேட்டிருந்தால் அதையே ஊற்றுங்கள். ‘ஜிஎல்-5 அதைவிட உசத்தி’ என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். அதிலுள்ள கந்தகச் சேர்மானம் சில பெட்டிகளின் பித்தளையை அரிக்கும், அதன் வழுக்கல் சிங்க்ரோவின் பிடியையும் குறைக்கும். பழைய ஆயிலை வடிக்கும்போது வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால் துடைக்காமல் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம். நகத்துண்டு போல இரும்புச் சில்லு இருந்தால் பூட்டுப் பல் போகத் தொடங்கிவிட்டது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது. அதற்கு ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும். பொன்தூள் தூவின மாதிரி மினுக்கினால் அது உங்கள் செகண்ட் ரிங்.